வந்தால் என்ன செய்வாய்? – பெங்களூர்த் தண்டுப் பகுதியும் கால்பந்தும் பெரியவர்களின் பேச்சும்

(சற்றே நீண்ட பதிவு. நேரமுள்ளபோது வாசிக்க வேண்டுகிறேன்.)

சில மாதங்களுக்கு முன் இந்நகரில் நடந்த ஒரு தமிழ்க் கருத்தரங்கின் இறுதி அமர்வில், "இளைஞர்கள் ஏன் நம்மிடம் வருவதில்லை?" என்ற கேள்வி எழுந்தது. மேடையில் அமர்ந்திருந்த ஐவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். கைப்பேசி, ஆங்கிலவழிக் கல்வி, திரைப்படம், பெற்றோரின் அக்கறையின்மை எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. அவையில் இளையோர் என்று சொல்லத்தக்கவர்கள் நானும், தேநீர் வழங்க நிறுத்தப்பட்டிருந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் மட்டுமே. எங்கள் மூவரிடமும் எவரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அல்சூர்ப் பக்கமுள்ள ஒரு மைதானத்தைக் கடந்தேன். புல் இல்லாத செம்மண் தரை. ஏறத்தாழ நாற்பது சிறுவர்கள் மூன்று பந்துகளுடன் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஓரத்தில் நின்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவர்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் அழைத்து வந்தவர்கள் என்று அவர்களில் யாருமில்லை. எல்லாரும் தாமாக வந்தவர்கள். கருத்தரங்கில் கேட்கப்பட்ட கேள்விக்கான விடை, அந்த மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், பல தலைமுறைகளாக இருந்து வருகிறது என்று அப்போது தோன்றியது. அந்த விடையின் வரலாற்றை எழுதிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். நான் மொழியியல் படித்தவள். விளையாட்டு வரலாறு என் துறை அன்று. ஆயினும் இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் துணிகிறேன்.

1. தண்டு

பெங்களூரின் பழைய நகரைப் 'பேட்டை' என்றும், ஆங்கிலேயப் படை தங்கிய கிழக்குப் பகுதியைத் 'தண்டு' என்றும் இங்குள்ள முதியோர் இன்றும் பிரித்துச் சொல்வதுண்டு. கன்னடத்தில் 'தண்டு' என்றால் படை. பழந்தமிழிலும் அதே பொருள்தான். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1809இல் கன்டோன்மென்ட் நிறுவப்பட்டது. 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு தன் தலைமையிடத்தை இங்கே அமைத்துக்கொண்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. படைவீரர்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர், கொத்தர்கள், வண்டியோட்டிகள், ஒப்பந்தக்காரர்கள், சிறு வணிகர்கள் எனத் தமிழ்ப் பேசும் மக்கள் வட ஆற்காடு, சேலம், சென்னைப் பகுதிகளிலிருந்து அலையலையாக வந்து அல்சூரிலும் அதைச் சுற்றியும் குடியேறினர்.

1881இல் மைசூர் அரசு மன்னரிடம் திருப்பித் தரப்பட்டபோதும் இப்பகுதி மட்டும் 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. 1947 ஜூலையில்தான் மைசூருடன் சேர்ந்தது. இரண்டு நகராட்சிகளும் 1949இல் ஒரே மாநகராட்சி ஆயின. அதாவது, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருவன் ஒரே நேரத்தில் மூன்று வகையில் வெளியாள். சொந்த ஊர் வேறு; ஆளும் மொழி வேறு; அருகிலுள்ள பேட்டையின் மொழி வேறு. தாத்தாவின் நிலமோ, கோயில் உரிமையோ, ஊர்ப் பெரியவரின் சொல்லோ அவனைத் தாங்கும் நிலையில் இல்லை. தாங்கும் அமைப்புகளை இங்கே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

2. பள்ளி என்னும் முதல் விடை

அவ்வாறு உருவானவற்றுள் முதன்மையானது ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய பள்ளி. அவர் ஒப்பந்தக்காரர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் சிவப்புக் கட்டடத்தை, அதாவது பதினெட்டு அரசுத் துறைகள் இருந்ததால் 'அட்டாரக் கச்சேரி' எனப் பெயர் பெற்ற கட்டடத்தை எழுப்பியவர். அரசுக்குக் கச்சேரி கட்டி ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட்டார். ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையம் என்று ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது தொடர்கிறது. கங்காதர செட்டி சாலையில் உள்ள அதன் மைதானத்தை அறியாத அல்சூர்ச் சிறுவன் இருக்க முடியாது.

இதை வள்ளல் ஒருவரின் கொடையாக மட்டும் படிப்பது நம் வழக்கம். எனக்கு வேறொரு செய்தி முதன்மையாகப் படுகிறது. அவர் கொடுத்தது காசோ உணவோ மட்டுமன்று. நாள்தோறும் சென்று சேரத்தக்க ஓர் இடம். அங்கே பிள்ளையின் பெயரை அறிந்த, அவன் வராவிட்டால் 'ஏன் வரவில்லை' என்று கேட்கக்கூடிய ஒரு பெரியவர் இருப்பார். குடியேறிய சமூகத்தில் பெற்றோர் இருவரும் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடும் வீடுகளுக்கு அந்த ஒரு கேள்வியின் மதிப்பு மிகுதி.

பள்ளிக்கு ஓர் எல்லையும் உண்டு. அது பிற்பகலில் மூடிவிடும். தேர்வில் தோற்றவனுக்கு அது ஒரேயடியாக மூடிவிடும். மாலையிலும், தோற்றவனுக்காகவும் திறந்திருந்தது மைதானம்.

3. வெறுங்காலில் இலண்டன் வரை

படைப்பிரிவுகள் ஆடிய கால்பந்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தே தண்டுச் சிறுவர்கள் கற்றார்கள் என்பது இப்பகுதிப் பெரியவர்கள் சொல்லும் வரலாறு. அதன் விளைவுகள் ஆவணங்களில் தெளிவாக உள்ளன. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியது. நெடுங்காலம் ஆங்கிலேயப் படை அணிகளே அதை வென்று வந்தன. 1937இல் அதைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி 'பெங்களூர் முஸ்லிம்ஸ்'. மறு ஆண்டும் அவர்களே வென்றனர். 1946–47இல் மைசூர் அணி சந்தோஷ் கோப்பையை வங்காளத்திடமிருந்து பெங்களூரிலேயே வென்றது. 1952–53இல் மீண்டும் வென்றது.

1948 ஜூலை 31. இலண்டன் ஒலிம்பிக்கின் ஒரு பகுதியாக இல்ஃபோர்டு மைதானத்தில் விடுதலை பெற்ற இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலணி அணியவில்லை. கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. 1–2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. அதே அணியில் இருந்த அகமது கான், தன்ராஜ், பஷீர் ஆகியோரும் இந்நகரத்து மைதானங்களில் உருவானவர்கள். அகமது கானும் தன்ராஜும் பின்னர் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் 'பஞ்ச பாண்டவர்' என்று புகழப்பட்ட முன்களத்தில் இடம்பெற்றனர். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். ஆசியாவின் பெலே என்று அழைக்கப்பட்ட பூங்கம் கண்ணனும் பெங்களூர் மைதானங்களிலிருந்தே கல்கத்தாவுக்குப் போனவர்.

இப்பெயர்ப் பட்டியலில் இரண்டைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒன்று, தமிழும் உருதும் பேசிய பிள்ளைகள் ஒரே மண்ணில் ஒரே பந்தின் பின்னால் ஓடினர். மற்றொன்று, இவர்களை உருவாக்கியவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அரசுப் பயிற்சி நிலையமோ சம்பளம் பெறும் பயிற்றுநரோ இல்லாத காலம் அது. ஆலையிலோ படைக் கிடங்கிலோ வேலை முடித்து வந்த ஒருவர், தன் பணத்தில் பந்து வாங்கி, மாலை இரண்டு மணி நேரத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஆட்டத்துக்குப் பின் வாழைப்பழமோ பன்னோ வாங்கிக் கொடுத்தார். தந்தை குடித்துவிட்டு அடித்தால் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் தனக்குத் தெரிந்த மேலாளரிடம் அழைத்துப் போனார். 1940இல் தொடங்கிய எச்.ஏ.எல்., 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. முதலிய பொதுத்துறை ஆலைகள் தம் கால்பந்து அணிகளுக்கு ஆள் எடுத்தபோது, மைதானத்தின் ஓரத்தில் நின்ற அந்தப் பெரியவரின் சொல்லே பல வீடுகளுக்கு முதல் மாதச் சம்பளமாக மாறியது.

4. -ஆல்

முனைவர்ப் பட்ட ஆய்வின் தொடக்கத்தில், வழிகாட்டியின் அறிவுரைப்படி ஷர்லி பிரைஸ் ஹீத் எழுதியவற்றைப் படித்தேன். 1983இல் வெளிவந்த அவருடைய 'வேஸ் வித் வேர்ட்ஸ்' நம் துறையில் எல்லாரும் அறிந்த நூல். அவர் அடுத்துச் செய்தது அவ்வளவாக அறியப்படவில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து மில்பிரி மெக்லாக்லினுடன் சேர்ந்து, அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் பள்ளிக்கு வெளியே இளையோர் விரும்பிச் சென்ற அமைப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். விளையாட்டு அணிகள், நாடகக் குழுக்கள், ஓவியக் கூடங்கள் போன்றவை. 1994இல் ஜூலியட் லாங்மனுடன் எழுதிய கட்டுரை ஒன்று, அடிப்பந்துப் பயிற்றுநர்கள் சிறுவர்களிடம் பேசும் பேச்சை ஒரு தனி மொழிநடையாகவே எடுத்து விவரிக்கிறது.

அவர்கள் கண்டது இது: அந்தப் பேச்சில் நிபந்தனைத் தொடர்கள் மிகுதி. "இப்படி நடந்தால் என்ன செய்வாய்?" என்ற வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகைய அமைப்பில் சில வாரங்கள் இருந்த பிள்ளைகளின் சொந்தப் பேச்சிலும் நிபந்தனைத் தொடர்களும், 'ஒருவேளை', 'இருக்கலாம்' போன்ற வடிவங்களும் பெருகுகின்றன. இன்னும் நடக்காத ஒன்றை மனத்தில் வைத்துத் திட்டமிடும் பேச்சு அது.

இதைப் படித்த பிறகு என் குறிப்பேட்டுடன் மைதானத்துக்குச் சென்றேன். முறையான தரவுத் தொகுப்பு அன்று; நான்கு மாலைகள் உட்கார்ந்து கேட்டதுதான். ஆதலால் எண்ணிக்கை எதுவும் சொல்லப் போவதில்லை. கேட்ட சிலவற்றை மட்டும் தருகிறேன். "அவன் ரைட்ல வந்தா நீ எங்க நிப்ப?" "கீப்பர் முன்னால வந்துட்டா?" "பாஸ் கெடைக்கலன்னா சும்மா நிப்பியா, எடம் மாறுவியா?" கன்னடம் பேசும் சிறுவனிடம் அதே மூச்சில் "அவனு பந்த்ரெ ஏன் மாட்தீயா?" உருது பேசும் சிறுவனிடம் "வோ ஆயா தோ?" மொழி மூன்று; தொடரமைப்பு ஒன்று. ஒவ்வொரு முறையும் கேள்வி பிள்ளையிடம் விடப்படுகிறது. பதில் தவறானால் "சரி, அப்படிப் பண்ணிப் பாரு" என்கிறார். பந்து போன பிறகு பிள்ளையே தலையில் அடித்துக்கொள்கிறான்.

தமிழில் நிபந்தனை உருபு -ஆல் என்பது நாம் அறிந்ததே. பேச்சில் இறுதி லகரம் மறைந்து 'வந்தா' என நிற்கும். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் காவலரிடமும் நாள் முழுதும் கேட்கும் பேச்சை எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி ஏவல்: படி, போ, நில், வாயை மூடு. நிபந்தனை வந்தாலும் அது மிரட்டலாகவே வரும்: "மறுபடியும் இப்படிச் செய்தால்..." இரண்டும் இலக்கண வடிவில் ஒன்றே. முன்னதில் முடிவு பெரியவர் கையில் இருக்கிறது. மைதானத்தில் அது பிள்ளையின் கையில் இருக்கிறது. இளையோர் வளர்ச்சி என்று நாம் பெரிய சொற்களால் குறிப்பதன் ஒரு கூறு இவ்வளவு சிறிய இடத்தில் நடைபெறுகிறது என்பது என் துணிபு.

5. லியோனும் நம் பிள்ளைகளும்

மொழியியல் மாணவர்கள் லியோனை மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் வில்லியம் லபோவ் குழுவினர் பேட்டி கண்ட எட்டு வயதுச் சிறுவன். முதலில் ஒற்றைச் சொல்லில் மட்டுமே பதில் சொன்னான். 'மொழித்திறன் இல்லாத பிள்ளை' என்று சோதனைகள் முத்திரை குத்தும் வகை. அடுத்த முறை பேட்டியாளர் உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிச் சென்றார். லியோனின் நெருங்கிய நண்பனையும் அழைத்தார். நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசித் தீர்த்தனர். 1969இல் வெளிவந்த அக்கட்டுரை மாற்றிக் காட்டியது பிள்ளையை அன்று. எதிரே இருந்த பெரியவரின் இருப்பை.

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளையின் பேச்சைக் குறித்து நம் மேடைகளில் சொல்லப்படுவனவற்றை இதனுடன் வைத்துப் பாருங்கள். 'கலப்படத் தமிழ்', 'தண்டுத் தமிழ்' என்று ஏளனம். இலக்கியக் கூட்டத்துக்கு முதன்முறை வந்த பதினேழு வயது மாணவி ஒருத்தி எழுந்து கேள்வி கேட்டபோது, கேள்விக்கு விடை சொல்லாமல் அவளுடைய ளகர, ழகர உச்சரிப்பைத் திருத்திய ஒரு நிகழ்வுக்கு நானே சாட்சி. திருத்தியவர் நல்லெண்ணத்துடன்தான் திருத்தினார். அவள் மறுமுறை வரவில்லை. மைதானத்தில் எவரும் எந்தப் பிள்ளையின் தமிழையும் திருத்துவதில்லை. திருத்தப்படுவது பந்தை வாங்கும் கோணம் மட்டுமே. அங்கே வந்த பிள்ளைகள் மறுநாளும் வந்தனர்.

தரமான தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நூலகமும் தமிழ் வகுப்புகளும் நடத்தி வருவதன் அருமையை அங்கே படித்துப் பயன்பெற்றவள் என்ற முறையில் அறிவேன். வரிசைமுறையைத்தான் பேசுகிறேன். முதலில் பிள்ளை பேச வேண்டும். பேச்சைக் கேட்க ஒரு பெரியவர் உட்கார வேண்டும். பிறகு திருத்தலாம்.

6. 'அண்ணா' என்னும் உறவுப்பெயர்

மைதானத்தில் அந்த ஐம்பது வயதுக்காரரை எல்லாரும் 'அண்ணா' என்றே அழைக்கின்றனர். அவரிடம் பயின்றவர்களின் பிள்ளைகளும் அண்ணா என்கின்றனர். வயதுக்கணக்கில் அவர் மாமாவோ தாத்தாவோ ஆக வேண்டியவர். கன்னடத்திலும் 'அண்ணா' அதே பொருளில் வழங்குவது இச்சொல்லுக்கு இங்கே கூடுதல் வலிமை தருகிறது. மொழி எல்லையைக் கடக்க மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

தந்தையிடம் பயம், ஆசிரியரிடம் மதிப்பெண், அண்ணனிடம் இவை இரண்டும் இல்லை, ஆனால் மரியாதை உண்டு. அண்ணன் கண்டிக்கலாம், வீட்டை விட்டுத் துரத்த முடியாது. தந்தைக்குத் தெரியக்கூடாததை அண்ணனிடம் சொல்லலாம். தெருவில் பிறந்த அமைப்புகள் தம் பெரியவர்களுக்குத் தேர்ந்துகொண்ட உறவுப்பெயர் இது என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சிக்கல் முதலிய பல சுமைகளுடன் வளர்ந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்னிலையில் வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட பொதுக்கூறுகளுள் ஒன்று, பெற்றோராகவோ வேறு எவராகவோ, நம்பத்தக்க ஒரு பெரியவருடனான நிலையான உறவு. அந்த 'வேறு எவரோ' என்பதற்குத் தமிழில் ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் தோற்றான். பள்ளியில், இனி வராமலிருப்பது எல்லாருக்கும் நல்லது என்ற பொருள்படச் சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் அடித்தார்; மூன்றாம் நாள் முதல் அவனோடு பேசவே இல்லை. அந்த வாரம் மைதானத்து அண்ணா மூன்று மாலைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை; வாசற்படியிலேயே அமர்ந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தபடி அப்பாவிடம் ஆலை ஓவர்டைம், ரேஷன் கடை, ஊர் மழை என்றெல்லாம் பேசினார். மகனைப் பற்றி மூன்றாம் நாள்தான் பேச்செடுத்தார். கிளம்பும்போது அண்ணனிடம், "மறுபடி பரீட்சை எழுதினா ஜெர்சி உனக்கு. எழுதலன்னாலும் பிராக்டிசுக்கு வா. ஜெர்சி மட்டும் கெடையாது" என்றார்.

அண்ணன் எழுதினான்; தேறினான். பெரிய ஆட்டக்காரனாகவில்லை. இன்று இருசக்கர வாகனப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு காலைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சி தருகிறான். அவர்கள் அவனையும் 'அண்ணா' என்கிறார்கள்.

"எழுதலன்னாலும் வா" என்ற அந்தத் தொடரைப் பற்றி நான் நெடுநாள் எண்ணியிருக்கிறேன். -ஆல் என்பதோடு -உம் சேர்ந்தால் நிபந்தனை தளர்கிறது. 'எழுதினால்' என்பது உழைப்புக்கு ஒரு பலன் உண்டு என்று சொல்கிறது. 'எழுதாவிட்டாலும்' என்பது உறவு அந்தப் பலனைப் பொறுத்ததன்று என்று சொல்கிறது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் கிடைத்தால் தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடும். இரண்டாவது மட்டும் கிடைத்தால் முயல்வதற்குக் காரணம் இராது.

7. இரண்டு சிலைகள்

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டது. 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரத் தமிழர் பட்ட துன்பம் இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் நினைவிலும் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சிலை மூடியே இருந்தது. அது நிறுவப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை, திறக்கப்பட்டபோது வாக்களிக்கும் வயதை எட்டியிருந்தது. திறப்பு நாளன்று நான் பள்ளிச் சிறுமி. அப்பா தோளில் கை வைத்து அழைத்துப் போனார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்தச் சிலையின் பொருளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதே அல்சூரையொட்டிய கௌதமபுரத்தில் இன்னொரு சிலை நிற்கிறது. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுள்ள அந்தக் குடியிருப்பில், பந்துடன் நிற்கும் பெலே. உலகக் கோப்பை நாட்களில் அத்தெருக்கள் பிரேசில் கொடிகளால் நிறையும். உழைக்கும் மக்கள், பெரும்பாலும் தமிழர், வாழும் பகுதி அது. வறுமையில் பிறந்து, கறுப்பினத்தவராக இருந்து, பதினேழு வயதில் உலகக் கோப்பையை வென்ற ஒருவரைத் தம்மவராக அவர்கள் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

நாம், அதாவது படித்த தமிழர், முதல் சிலைக்காக நெடுங்காலம் போராடினோம். அது தேவையான போராட்டம். ஆனால் நம் பிள்ளைகளின் மாலைப்பொழுதைக் காத்தவர்கள் இரண்டாம் சிலையின் தெருக்காரர்கள். அவர்களைப் பற்றி நம் கருத்தரங்குகளில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

8. குறைகள்

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக்க விரும்பவில்லை. முதற்குறை எனக்கே நேர்ந்தது. அண்ணன் மைதானத்துக்குப் போன ஆண்டுகளில் நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எவரும் தடுக்கவில்லை, அழைக்கவுமில்லை. மேலே நான் எழுதிய 'பிள்ளை' என்ற சொல் பொதுப்பால்தான். வரலாற்றில் அது ஆண்பாலாகவே இருந்தது. இப்போது சில மைதானங்களில் சிறுமிகள் ஆடுகின்றனர். நான் கண்ட நாற்பது பேரில் ஐவர் சிறுமிகள். இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டும்.

இரண்டாவது, மைதானத்தின் வாக்குறுதி வேலை வாய்ப்போடு பிணைந்திருந்தது. பொதுத்துறை ஆலைகள் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் அந்தக் கயிறு அறுந்தது. 1968–69இல் மைசூர் வென்ற சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் மீண்டும் தொட 54 ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயாவை 3–2 என்று வென்றபோது, 'கர்நாடகம்' என்ற பெயரில் அதுவே முதல் வெற்றி. இடைப்பட்ட காலத்தில் திறமை இல்லாமல் போகவில்லை; திறமையை வாழ்க்கையாக மாற்றும் வழி சுருங்கியது.

மூன்றாவது, ஒரு பெரியவரின் நல்ல குணத்தை மட்டுமே நம்பிய அமைப்பு இது. அக்குணம் இல்லாதவர் அதே இடத்தில் நின்றால் பிள்ளைக்குக் காப்பில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குப் பிறகேனும், பயிற்சி திறந்த வெளியில் நடப்பதும், ஒருவருக்கு இருவராகப் பெரியவர்கள் இருப்பதும், பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க முடிவதும் விதிகளாக வேண்டும். 'அண்ணா' என்ற சொல்லின் மீதுள்ள நம்பிக்கை விதிகளுக்கு மாற்றாகாது.

நான்காவது, இடம். 1909இலேயே ஜேன் ஆடம்ஸ் சிகாகோவைப் பற்றி எழுதிய நூலில், நகரம் இளையோரின் உழைப்பை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஆடுவதற்கான இடத்தை மறுத்துவிட்டு, பிறகு அவர்கள் தெருவில் செய்வதற்குத் தண்டனை தருகிறது என்று முறையிட்டார். இன்றைய பெங்களூருக்கு அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. மைதானங்கள் வண்டி நிறுத்தங்களாகின்றன. மீதமிருப்பவை மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல்தரைகளாகின்றன. வாடகை கொடுக்க இயலாத பிள்ளைக்குத் தெரு ஒன்றே மிச்சம்.

9. நாம் செய்யக்கூடியது

கருத்தரங்கின் கேள்விக்குத் திரும்புகிறேன். இளைஞர்கள் வருவதில்லை என்று வருந்தும் அமைப்புகள் மைதானத்திலிருந்து கற்கக்கூடியவை எளியவை. வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில், அதே பெரியவர் அங்கே இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு விழா போதாது. வருகின்ற பிள்ளையின் பெயரை அறிந்திருக்க வேண்டும். அவனுக்கு அல்லது அவளுக்குச் செய்வதற்கு ஒன்று இருக்க வேண்டும். தேநீர் வழங்குவது அந்த ஒன்றன்று. அடுத்த கூட்டத்தின் தலைப்பை மாணவர் மூவர் முடிவு செய்தால் என்ன ஆகும்? கூட்டம் சொதப்பினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் சொதப்பினாலும் அடுத்த மாதமும் அவர்களிடமே தரலாமே.

ஆய்வாளர்களாகிய நமக்கு ஒரு தனிக்கடமையும் உண்டு. அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், காக்ஸ் டவுன் பகுதிகளில் இத்தகைய அணிகளை நடத்திய பெரியவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. பழைய அணி ஒளிப்படங்கள், கோப்பைகள், சந்தாப் புத்தகங்கள், போட்டித் துண்டறிக்கைகள் எவரிடமேனும் இருந்தால் அருள்கூர்ந்து உள்பெட்டியில் தெரிவியுங்கள், வந்து படியெடுத்துக்கொள்கிறேன். உங்கள் தெருவின் அண்ணாவோ அக்காவோ இன்னும் இருந்தால், எனக்கு எழுதுவதற்கு முன் அவரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை மாலை நான் மைதானத்தில் இருப்பேன். இம்முறை குறிப்பேட்டுடன் அன்று. அந்த ஐந்து சிறுமிகளுக்கும் கணக்கெடுக்கவும் தண்ணீர்க்குடம் தூக்கவும் ஒரு அக்கா வேண்டுமாம், அண்ணா கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.